"அம்மாகிட்டச் சொல்லீராதீங்க டாக்டர்"

புற்றுநோய் என்று ரிப்போர்ட் வந்த வீட்டிலிருந்து நோயாளி கடைசியாகத்தான் என் அறைக்குள் வருவார். முதலில் மகனோ மருமகனோ ஃபைலோடு வந்து, குரலைத் தாழ்த்தி, "கட்டின்னு மட்டும்தானுங்க சொல்லியிருக்கோம். வேற எதும் சொல்லீராதீங்க" என்பார். தாராபுரம், கோபி, பொள்ளாச்சி, எந்தப் பக்கத்து ஆட்களானாலும் இது மாறுவதில்லை. பாசத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் நான் ஒத்துக்கொள்வதில்லை.

அந்த அம்மாவுக்கு ஏற்கெனவே பாதி தெரியும். வார்டில் பக்கத்துப் படுக்கைக்காரர் சொல்லியிருப்பார். கீமோவில் முடி கொட்டினால் மீதியும் தெரிந்துவிடும். அதுவரை யாரிடமும் கேட்க முடியாமல் தனியாகப் பயந்துகொண்டிருப்பார். அதனால் அவரிடமே கேட்டுவிடுவேன்: "உங்களுக்கு என்னன்னு முழுசாத் தெரிஞ்சுக்கணுமாங்கம்மா, பையன்கிட்டச் சொன்னாப் போதுமா?" சிலர், "அவன்கிட்டயே சொல்லிப்போடுங்க சாமி" என்பார்கள். சரி, அதுவும் அவர் எடுத்த முடிவுதான். தெரிந்துகொள்ள வேண்டும் என்பவர்களுக்கு மகனையும் உட்கார வைத்துக்கொண்டே சொல்கிறேன்.

அடுத்து, தினமும் என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்பேன். மரியாதைக்குக் கேட்கிறேன் என்று நினைப்பார்கள். எந்த அறுவை சிகிச்சை என்பதே அந்தப் பதிலால் மாறலாம்.

மார்பகப் புற்றுநோயையே எடுத்துக்கொள்வோம். ஆரம்ப நிலையில் கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுத்தாலும், மார்பகம் முழுவதையும் எடுத்தாலும், ஆயுளில் வித்தியாசம் இல்லை. அமெரிக்காவிலும் இத்தாலியிலும் 20 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2002இல் வெளியிட்ட முடிவுகள் இவை. ஆனால் கதிர்வீச்சுக்கு வழக்கமாக வாரம் 5 நாள் வீதம் 3 முதல் 5 வாரம் வர வேண்டும். வெள்ளகோவில் பக்கம் தோட்டத்தில் இருக்கும் பெண் தினமும் கோவை வந்து போனால் மாட்டை யார் கறப்பது? இரண்டையும் தெரிந்துகொண்டு, "முழுசா எடுத்துருங்க" என்று அவர் சொன்னால் அது நியாயமான முடிவு. அக்குள் நெறிகட்டிகளில் நோய் இருந்தால், முழுதும் எடுத்த பிறகும் கதிர்வீச்சு தேவைப்படலாம் என்பதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும். "வேரோட எடுத்தாத்தான் நிம்மதி" என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்லி எடுக்கும் முடிவுதான் எனக்கு உறுத்தும்.

மலக்குடல் புற்றுநோயில் சிலருக்கு மலம் வெளியேறும் வழியை வயிற்றில் அமைத்துப் பை ஒட்டுகிறோம். அந்த வழி எந்த இடத்தில் வர வேண்டும்? ஆபரேஷன் மேசையில் மல்லாந்து படுத்திருப்பவர் வயிற்றில் எல்லா இடமும் ஒன்றுபோலத்தான் தெரியும். உட்கார்ந்தால் மடிப்பு விழும். வேட்டி முடிச்சோ பாவாடை நாடாவோ இறுக்கும் இடத்தில் அமைந்துவிட்டால் பை பிடிக்காது, ஓரத்தில் கசியும். அப்புறம் கசியுமோ என்ற பயத்தில் மனிதர் கல்யாணம் காட்சிக்குக்கூடப் போக மாட்டார். அதனால் முந்தின நாளே, வழக்கமாகக் கட்டுகிற மாதிரி வேட்டி கட்டி வரச் சொல்லி, நிற்க, உட்கார, குந்த, குனிய வைத்துப் பார்த்துப் பேனாவால் குறிக்கிறோம். அந்த இடம் அவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும், கைக்கும் எட்ட வேண்டும். பார்க்கிற நர்ஸ்களுக்குச் சிரிப்பாகத்தான் இருக்கும். ஆபரேஷன் தியேட்டரில் செலவிடும் மணிக்கணக்கான நேரத்துக்குக் குறைந்ததல்ல இந்தப் பத்து நிமிஷம் என்பது என் கருத்து.

மார்பகப் புற்றுநோய்க்காக அக்குள் நெறிகட்டி எடுத்தவர்கள் வலிக்குப் பயந்து கையை அசைக்காமல் வைத்திருந்தால் தோள் இறுகிவிடும். சொல்லிக்கொடுத்த பயிற்சியை விடாதீர்கள்.

"ஊசி குத்துனா பரவீருமாமுங்க" என்று, துளி சதை எடுத்துப் பரிசோதிக்கும் பயாப்சியைத் தள்ளிப்போடுகிறவர்கள் இன்னும் வருகிறார்கள். பரவாது. என்ன வகைப் புற்றுநோய் என்று தெரியாமல் சரியான சிகிச்சையைத் தேர்ந்தெடுக்க முடியாது. தள்ளிப்போட்ட மாதங்களில்தான் அது வளர்கிறது.

முதல் முறை வரும்போதே முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டையைக் கொண்டு வாருங்கள். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். சிகிச்சைக்கு முன் அனுமதி வாங்க வேண்டும் என்பதால் அட்டையைப் பிறகு தேடினால் நாள் தள்ளிப்போகும். வேறொரு டாக்டரிடமும் கேட்க நினைத்தால் தயங்க வேண்டாம், நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம். பயாப்சி செய்த ஆய்வகத்தில் ரிப்போர்ட்டோடு கண்ணாடி ஸ்லைடுகளையும், எடுத்த சதையைப் பதித்து வைத்திருக்கும் மெழுகு பிளாக்கையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அவை கையில் இருந்தால் பெரும்பாலும் மறுபடி சதை எடுக்க வேண்டியிருக்காது.