கத்தரிச் செடி கருவாடான கதை

திருவொற்றியூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் பதினெட்டுத் தொட்டிகள் இருக்கின்றன. கத்தரி, தக்காளி, வெண்டை, இரண்டு மல்லி, கைப்பிடிச் சுவரோரம் பத்துமணிப்பூ. காலையில் காபியோடு மேலே போய், ராத்திரி எத்தனை மொட்டு புதிதாக வந்திருக்கிறது என்று எண்ணுவதைவிடப் பெரிய சுகம் எனக்கு வேறு கிடையாது. அந்தச் சுகத்தில் ஒரு சித்திரை மாதம் மண் விழுந்தது. கத்தரி இலைகளின் ஓரம் பழுப்பாகி முறுக்கிக்கொண்டது. மண்ணில் விரலை விட்டால் ஈரம் இருக்கிறது, ஆனால் மதியம் செடி தலை தொங்குகிறது. தண்ணீர் பத்தவில்லை போலிருக்கிறது என்று நான் இன்னும் ஒரு செம்பு ஊற்றினேன்.

துணி காயப்போட வந்த பக்கத்து வீட்டு அக்கா இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். காசிமேட்டில் கருவாடு வியாபாரம் செய்பவர். தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருந்ததை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். “இன்னா தம்பி, செடிய கருவாடு போட்டு வெச்சிருக்க?” என்றார்.

கிண்டல்தான். ஆனால் அறிவியல் அப்படியே அதில் இருக்கிறது.

மீன் மேல் கல்லுப்பைத் தூவினால் மீனுக்குள் இருக்கும் தண்ணீர் வெளியே வருகிறது. மாவடு உப்பில் சுருங்குவதும் இப்படித்தான். உயிரணுவைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்வு தண்ணீரைச் சுலபமாக விடும், உப்பை அவ்வளவு சுலபமாக விடாது. அதனால் உப்புக் குறைந்த பக்கத்திலிருந்து உப்பு அதிகமான பக்கத்துக்குத் தண்ணீர் நகர்கிறது. இதுதான் ஊடுபரவல். செடியின் வேர் இதை வைத்தே பிழைக்கிறது. வேருக்குள் சர்க்கரையும் தாது உப்புகளும் மண் நீரில் இருப்பதைவிட அதிகம், இலை வேறு வெயிலில் நீராவியை விட்டபடி மேலிருந்து இழுக்கிறது. ஆகவே தண்ணீர் உள்ளே வருகிறது. மண் நீரில் உப்பு ஏற ஏற இந்த இழுப்பு பலவீனமாகிறது. தொட்டியில் தண்ணீர் இருக்கும், செடியால் எடுக்க முடியாது. ஈரத்துக்கு நடுவே ஒரு வறட்சி.

கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. அதை எதிர்த்துத் தண்ணீரை இழுக்க வளிமண்டல அழுத்தத்தைப் போல 25 மடங்குக்கும் மேலான விசை வேண்டும். நம் வீட்டுக் காய்கறிச் செடிகள் 15 மடங்கு வாக்கிலேயே கையை விரித்துவிடும்.

சரி, நான் கடல் தண்ணீரா ஊற்றினேன்? இல்லை, போர் தண்ணீர்தான். கடைக்காரரின் டி.டி.எஸ். மீட்டரில், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளை அளக்கும் கருவியில், பார்த்தபோது லிட்டருக்கு 1,500 மில்லிகிராம் காட்டியது. வாயில் வைத்தால் கரிக்கும், துணி துவைக்கலாம். குடிநீருக்கான இந்தியத் தர அளவு 500, வேறு வழியே இல்லையென்றால் 2,000 வரை. அப்படிப் பார்த்தால் 1,500 ஒன்றும் விஷமில்லை. வினை வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு தொட்டிக்குத் தினம் ஒரு லிட்டர் ஊற்றுகிறோம். வெயில் தண்ணீரை மட்டும் கொண்டுபோகிறது, செடியும் பெரும்பாலும் தண்ணீரைத்தான் எடுத்துக்கொள்கிறது. நாளுக்கு ஒன்றரை கிராம் உப்பு மண்ணிலேயே தங்குகிறது. மாசியில் தொடங்கி நாலு மாதம் மழையில்லை என்றால் 180 கிராம், கிட்டத்தட்ட ஒரு டம்ளர் உப்பு. அதைக் கையால் அள்ளிக் கத்தரிச் செடிக்குப் போடச் சொன்னால் போடுவோமா?

எண்ணூர்ப் பக்கம் உப்பளம் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. பாத்தி கட்டி, நீரை விட்டு, வெயிலிடம் ஒப்படைத்துவிட்டால் உப்பு மிஞ்சும். தண்ணீர் வடிய வழியில்லாமல், அடியில் ஓட்டை அடைத்துப்போன தொட்டியும் ஒரு பாத்திதான். இன்னும் பார்த்தால் ஒவ்வொரு இலையும் ஒரு பாத்தி. வேரைத் தாண்டி உள்ளே வந்த கொஞ்ச உப்பு நீரோட்டத்தோடு மேலே ஏறுகிறது. இலைத்துளைகள் வழியாக நீர் ஆவியாகிவிட, உப்பு ஓட்டத்தின் கடைசியில் சேர்கிறது. அந்தக் கடைசி என்பது இலையின் நுனியும் ஓரமும்தான். அதனால்தான் கருகல் அங்கே தொடங்கி உள்ளே வருகிறது.

போர் தண்ணீர் ஏன் கரிக்கிறது என்பதற்கும் ஒரு அழகான கணக்கு உண்டு. கடற்கரை ஊர்களில் நிலத்தடி நன்னீர், எடை கூடிய கடல் நீரின் மேல் மிதக்கிறது. நன்னீரின் அடர்த்தி 1 என்றால் கடல் நீரின் அடர்த்தி 1.025. இந்தச் சின்ன வித்தியாசத்தால், கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நன்னீர் நின்றால் கீழே 40 அடி நன்னீர் இருக்கும். கைபன்-ஹெர்ஸ்பர்க் விதி என்பார்கள். திருப்பிப் போட்டுப் பாருங்கள்: மோட்டார் போட்டு மேல்மட்டத்தை ஒரு அடி இறக்கினால், காலப்போக்கில் அடியிலிருந்து கடல் நீர் 40 அடி ஏறும். மீஞ்சூர்ப் பக்கம் பல பத்தாண்டுகளாகக் கடல் நீர் உள்ளே வந்ததன் பின்னணி இதுதான். 2003இல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியதும் இந்தக் கணக்கைத் திருப்பி ஓட்டும் முயற்சி.

என் பங்குக்கு நான் செய்த பெரிய முட்டாள்தனம் வேறொன்று. சமையலறை ஆர்.ஓ. கருவி வெளியேற்றும் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று வாளியில் பிடித்துச் செடிக்கு ஊற்றினேன். நல்ல எண்ணம்தான். ஆனால் ஆர்.ஓ. உப்பை அழிப்பதில்லை. நாம் குடிக்கும் பங்கிலிருந்து பிரித்து மிச்சப் பங்கில் தள்ளுகிறது, அவ்வளவுதான். அந்த வாளியில் இருப்பது போர் தண்ணீரைவிடக் கரிப்பானது. அது வீடு துடைக்கத்தான் லாயக்கு. இதற்கு நேர்மாறானது ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீர். காற்றின் ஈரம் குளிர்ந்து சொட்டுவதால் அதில் உப்பு அநேகமாக இல்லை. கடலோரக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லாததால் ராத்திரிக்குள் ஒரு வாளியாவது சேர்ந்துவிடும். போர் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்தால் உப்பும் பாதி.

உப்பேறிய தொட்டியைக் கழுவத்தான் வேண்டும், வேறு மருந்தில்லை. தட்டை எடுத்துவிட்டு, அடி ஓட்டையைக் குத்திவிட்டு, நல்ல தண்ணீரைத் தொட்டியின் கொள்ளளவைப் போல இரண்டு பங்கு மெதுவாக ஊற்றி வடியவிட வேண்டும். தினசரி ஊற்றும்போதும் ஐந்தில் ஒரு பங்காவது கீழே வடிய வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பது சிக்கனம் போலத் தோன்றும், உப்பளத்துக்குத்தான் அது சரி. மண் களி போல இறுகியிருந்தால், உப்பிலுள்ள சோடியம் களித் துகள்களைப் பிரித்துத் துளைகளை அடைத்திருக்கும். கொஞ்சம் ஜிப்சம் போட்டால் அதிலுள்ள கால்சியம் சோடியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்காரும், அப்புறம் கழுவினால் வெளியேறும். கடையில் வாங்கும் தேங்காய் நார்த்தூளையும் அலசிவிட்டே பயன்படுத்துங்கள், அதிலும் உப்பு இருக்கும்.

ஐப்பசி மழை இதையெல்லாம் இலவசமாகச் செய்யும். 14 அங்குலத் தொட்டியின் வாய் ஒரு சதுர மீட்டரில் பத்தில் ஒரு பங்கு. 100 மில்லிமீட்டர் மழை கொட்டினால் அதில் பத்து லிட்டர் உப்பில்லாத தண்ணீர் இறங்குகிறது. தீபாவளி தாண்டியதும் மாடியே பச்சையாக மாறுவதில் இதற்குப் பெரும் பங்குண்டு.

எல்லாச் செடியும் ஒரே மாதிரி இல்லை. பீன்ஸ், கேரட், வெங்காயம், முள்ளங்கி எல்லாம் உப்பு வாடை பட்டாலே சுணங்கும். தக்காளி கொஞ்சம் தாங்கும், பீட்ரூட் நன்றாகவே தாங்கும். பத்துமணிப்பூவும் அதன் உறவான பருப்புக்கீரையும் கவலையே படுவதில்லை. எண்ணூர் கழிமுகத்தில் உள்ள வெண்கண்டல் மரம் இலையிலுள்ள சுரப்பிகள் வழியாக உப்பை வெளியே தள்ளிவிடும். உப்பு நிலத்தில் வளரும் உமரிச் செடியோ உப்பை உயிரணுவுக்குள் தனிப் பையில் பூட்டி வைத்துக்கொண்டு, அதை வைத்தே தண்ணீரை இழுக்கும்.

மாடித் தொட்டிகளைக் கழுவிய வருடம் ஒரு தக்காளித் தொட்டியை மட்டும் வேண்டுமென்றே விட்டுவைத்தேன். காரணம் ஜப்பான். அங்கே குமமோட்டோ மாகாணத்தின் யாட்சுஷிரோவில், கடலிலிருந்து மீட்ட உப்பு நிலத்தில் விளையும் ‘உப்புத் தக்காளி’யை அதிக விலைக்கு விற்கிறார்கள். உப்பால் பழத்துக்குள் தண்ணீர் குறைவாகப் போகிறது, பழம் சிறுக்கிறது, சர்க்கரையும் புளிப்பும் அடர்ந்துவிடுகின்றன. என் தொட்டியிலும் காய்கள் கோலிக்குண்டு அளவுதான். ஆனால் கடித்தால் கடையில் வாங்கும் தக்காளி வெறும் தண்ணீர் என்று தோன்றியது.

அக்காவுக்கு ஒரு கிண்ணம் கொடுத்தேன். ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, “நல்லாக்கீது தம்பி. கொழம்புக்கு உப்பு போடணுமா, வேணாமா?” என்றார்.