ஏலத்தோட்டத்துக்கு வரும் எக்ஸ்ரே: கணினி சொல்லும் எண்ணை எப்படிப் படிப்பது?

கம்பம், உத்தமபாளையம், போடி வட்டாரத்திலிருந்து விடியுமுன் ஜீப்பேறி, குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறவர்கள் பொழுது சாய்ந்துதான் வீடு திரும்புகிறார்கள். மார்பு எக்ஸ்ரேக்காக ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒருநாள் கூலி போய்விடும். அதனால் இருமல் வாரக்கணக்கில் நீடித்தாலும் மலைக்குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று தள்ளிப்போடுவார்கள். காசநோயைக் கண்டுபிடிப்பதில் இப்போது வந்திருக்கும் மாற்றம், எக்ஸ்ரே கருவியே இவர்களைத் தேடி வர முடிகிறது என்பதுதான். கூடவே ஒரு மடிக்கணினி. அதில் உள்ள மென்பொருள் படத்தைப் பார்த்து ஒரு நிமிடத்துக்குள் ஒரு எண் கொடுக்கிறது.

இருமுகிறவர்களை மட்டும் விசாரித்துச் சளி சோதித்தால் போதாதா? போதாது. 2019–21இல் நடந்த தேசிய காசநோய்க் கணக்கெடுப்பில் கண்டறியப்பட்ட நோயாளிகளில் 42.6 சதவீதம் பேர், எக்ஸ்ரே எடுக்காமல் இருந்திருந்தால் கண்ணில் படாமல் தப்பிப் போயிருப்பார்கள். கேட்ட கேள்விகளுக்கு அவர்களிடம் சொல்லும்படியான அறிகுறி எதுவும் இல்லை.

கருவியைச் சிறிதாக்க முடிந்ததற்குப் பாதிக் காரணம் பேட்டரி, பாதிக் காரணம் படம் பிடிக்கும் பலகை. எக்ஸ்ரே குழாய்க்குள் எலெக்ட்ரான்கள் டங்ஸ்டன் தகட்டில் மோதும்போது ஆற்றலில் ஏறக்குறைய 99 சதவீதம் வெப்பமாகவே போகிறது. கதிராக மாறுவது மிச்சம் ஒரு சதவீதம். முன்பெல்லாம் பெரிய மின்னிணைப்பும் கனமான குழாயும் தேவைப்பட்டது இதனால்தான். இன்றைய டிஜிட்டல் பலகையில் சீசியம் அயோடைடு படலம் கதிரை ஒளியாக மாற்றுகிறது. அதன் அடியிலுள்ள சிலிக்கான் உணரிகள் அந்த ஒளியை மின்சைகையாக்குகின்றன. குறைந்த கதிரிலேயே தெளிவான படம் கிடைப்பதால் சுமார் 3.5 கிலோ எடையுள்ள கருவியே மார்புப் படத்துக்குப் போதும். ஒருவர் வாங்கும் கதிரளவு பொதுவாக 0.02 மில்லிசீவெர்ட் அளவில் இருக்கும். இயற்கையிலிருந்து நாம் மூன்று நாளில் வாங்குவதும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

எடை குறைந்ததற்கு விலையும் உண்டு. ஆஸ்பத்திரி எக்ஸ்ரே நூற்றுக்கணக்கான மில்லியாம்பியர் மின்னோட்டத்தில் சில மில்லிநொடியில் வேலையை முடித்துவிடும். கைக்கருவி 10 மில்லியாம்பியர் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். 2 மில்லியாம்பியர்-நொடி (மின்னோட்டத்தை நேரத்தால் பெருக்கிய அளவு) கதிர் வேண்டுமானால் 200 மில்லிநொடி எடுக்கும். அதற்குள் கை லேசாக ஆடினாலும், எதிரே நிற்பவர் மூச்சு விட்டாலும் படம் கலங்கிவிடும். கைக்கருவி என்று பெயர் இருந்தாலும் முக்காலியில் பொருத்தி எடுப்பதே நல்லது.

தூரமும் முக்கியம். ஆஸ்பத்திரியில் 180 செ.மீ. தள்ளி வைத்து எடுப்பார்கள். சிறு கருவியில் 120 முதல் 150 செ.மீ. வரை வைப்பது உண்டு. 120 செ.மீ.யில் கிடைக்கும் அதே வெளிச்சம் 180 செ.மீ.யில் வேண்டுமென்றால் கதிரை 2.25 மடங்கு கூட்ட வேண்டும். கிட்டே வைத்தால் பேட்டரி மிச்சமாகும், ஆனால் இதய நிழல் பெரிதாகத் தெரியும். காசநோய் தேடும்போது அது பெரிய குறையில்லை. அதே படத்தை வைத்து இதயம் வீங்கியிருக்கிறது என்று யாராவது சொன்னால் மட்டும் நம்ப வேண்டாம்.

தோட்டத்தில் எங்கே நிறுத்துவது? லயத்துச் (தொழிலாளர் வரிசைவீட்டுச்) சுவர் கதிரைத் தடுக்கும் என்று எண்ணக் கூடாது. கதிர் போகும் திசையில் ஆள் நடமாட்டமில்லாத சரிவோ மண்மேடோ இருக்க வேண்டும். எடுப்பவர் ஈயக் கவசம் போட்டுக்கொண்டு, கதிரளவு காட்டும் பட்டையும் அணிந்திருக்க வேண்டும். பலகையைக் கீழே போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பல பலகைகளுக்குள் இருப்பது கண்ணாடித் தகடு. விரிசல் விழுந்தால் அன்றைய முகாம் அதோடு சரி.

மென்பொருள் தவறும் இடங்களில் பல, படம் எடுக்கும்போதே தொடங்குபவை. காசநோய் அதிகம் ஒதுங்குவது நுரையீரலின் மேல்நுனியில். தடித்த பின்னல் முதுகில் தொங்கினால் சரியாக அங்கேதான் நிழல் விழும். சடையை உச்சியில் தூக்கிக் கட்டச் சொல்ல வேண்டும். தாலிச் சங்கிலி, தாயத்து, ஊக்கு எல்லாம் விலக வேண்டும். தாலியைக் கழற்ற மாட்டேன் என்பவரிடம் வாதாட வேண்டாம், தாடைக்கு மேலே தூக்கிப் பிடித்தால் போதும். தோள்பட்டை எலும்பு நுரையீரலை மறைக்காதபடி தோளை முன்னுக்குத் தள்ளி நிற்க வேண்டும். மூச்சை நன்றாக இழுத்துப் பிடித்தாரா என்று பார்க்க, பின்பக்க விலா எலும்புகளை எண்ணுங்கள்: ஒன்பது, பத்து தெரிய வேண்டும். ஏழுதான் தெரிகிறதென்றால் அடிப்பகுதி வெளுத்துத் தெரியும், மென்பொருள் அதை நோயென்று எடுத்துக்கொள்ளும். மறுபடி எடுங்கள்.

இனி அந்த எண். மென்பொருள் சிறுசிறு கட்டங்களாகப் படத்தின் மேல் நகர்ந்து முதலில் விளிம்புகளையும், பிறகு அவை சேர்ந்து உண்டாகும் வடிவங்களையும், கடைசியில் குழி, திட்டு, வெண்மை ஆகியவற்றையும் தேடுகிறது. ஏற்கெனவே விடை தெரிந்த ஏராளமான படங்களில் பழகிய கணிதம் அது. முடிவில் 0 முதல் 100 வரையோ, 0 முதல் 1 வரையோ ஒரு மதிப்பு வரும். 60 என்று வந்தால் காசநோய் இருக்க 60 சதவீத வாய்ப்பு என்று படிக்கக் கூடாது. பழகிய நோய்ப் படங்களோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதற்கான அளவு மட்டுமே அது. ஒரு நிறுவனத்தின் எண்ணை இன்னொன்றின் எண்ணோடு ஒப்பிட முடியாது. ஒரே மென்பொருளின் பழைய பதிப்பும் புதிய பதிப்பும்கூட ஒத்துப்போகாது.

எந்த எண்ணுக்கு மேல் சளி எடுப்பது என்ற வெட்டுக்கோட்டை முகாம் நடத்துபவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆயிரம் பேரில் 5 பேருக்கு நோய் என்று கொள்வோம். நோயாளிகளில் 90 சதவீதத்தைப் பிடித்து, நோயில்லாதவர்களில் 70 சதவீதத்தைச் சரியாக விலக்கும் இடத்தில் கோடு போட்டால், 4 அல்லது 5 நோயாளிகள் கிடைப்பார்கள். கூடவே நோயில்லாத 298 பேரும் சளி கொடுக்க வரிசையில் நிற்பார்கள். சளியில் கிருமியின் மரபணுவைத் தேடும் ட்ரூநாட், சிபிநாட் போன்ற மூலக்கூறு சோதனைகளுக்கு அத்தனை சிப் அல்லது கேட்ரிட்ஜ் கைவசம் உண்டா? இல்லையென்றால் வெட்டுக்கோட்டை உயர்த்த வேண்டும், ஒன்றிரண்டு நோயாளிகள் கண்ணில் படாமல் தப்புவார்கள் என்று தெரிந்தே உயர்த்த வேண்டும். அறிக்கையில் இதை மறைப்பவர்கள் மீது எனக்கு நம்பிக்கை வருவதில்லை.

முன்பு காசநோய் வந்து குணமானவருக்குத் தழும்பு இருக்கும். கல்குவாரியில் வேலை பார்த்தவருக்குத் தூசு படிந்திருக்கும். முதியவர்கள், புகைப்பவர்கள் படமும் அப்படித்தான். இவர்கள் எண் உயர்ந்தே வரும். எண்ணை மட்டும் வைத்து மாத்திரை தொடங்கக் கூடாது. 2021இல் இத்தகைய மென்பொருளைப் பரிந்துரைத்த உலக சுகாதார நிறுவனம், 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு மட்டுமே என்று வரம்பிட்டிருக்கிறது. தோட்டத்துக்குக் கூட வந்த பிள்ளைகளை இந்த எண்ணால் அளக்க முடியாது.

சளியில் கிருமி உறுதியானால் எல்லைப் பகுதிக்கே உரிய சிக்கல் தொடங்குகிறது. வீடு தேனி மாவட்டத்தில், வேலை இடுக்கியில். வழக்கமான சிகிச்சைக்கே ஆறு மாதம் ஆகும். எந்த ஊரில் மாத்திரை வாங்குவது வசதி என்று அவரிடமே கேட்டு, நிக்‌ஷய் என்ற அரசின் காசநோய்ப் பதிவுத் தளத்தில் அந்த மையத்தின் கீழ் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவு எண் இரு மாநிலத்திலும் செல்லும், பிறகு மாற்றவும் முடியும். மாதம் 1,000 ரூபாய் சத்துணவு உதவியும் வங்கிக் கணக்குக்கு அதன் வழியாகவே வருகிறது. தொடர்புக்கு வீட்டார் ஒருவரின் தொலைபேசி எண்ணையும் சேர்த்து வாங்குங்கள். கங்காணியின் (வேலை மேற்பார்வையாளரின்) எண்ணைக் கொடுத்தால் வாங்க வேண்டாம். அந்த அழைப்பிலேயே நோயாளிக்கு வேலை போய்விடக்கூடும்.