எஸ்.எஸ்.ஆர். அணைந்தால் கரண்ட் நின்றதாக அர்த்தமில்லை

வீட்டில் நன்னாரி காய்ச்சி சர்பத் விற்பவர்கள், கேஸ் அடுப்பை விட்டு ஹீட்டரும் பம்ப்பும் வைத்த தானியங்கி ஸ்டீல் கலனுக்கு மாற நினைத்தால், கலனை வாங்கும் முன் ஒரு கணக்குப் போட வேண்டும். 50 லிட்டர் தண்ணீர் 30 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்கு ஏற, 3,000 வாட் ஹீட்டருக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் பிடிக்கும். அவ்வளவு நேரமும் 230 வோல்ட்டில் 13 ஆம்பியர் இடைவிடாமல் ஓடும்.

சமையலறையில்தான் 16 ஆம்பியர் பாயிண்ட் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். கடலூர், புதுச்சேரி உப்புக் காற்றில் சாக்கெட்டின் உள்வாய் கறுத்துத் தளர்ந்துவிடும். பிடிமானம் குறைந்த இடத்தில் சூடேறும். பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தால் பின்னைச் சுற்றிப் பிளாஸ்டிக் பழுப்பேறி உருகியிருக்கும். ஆகவே மெயின் போர்டிலிருந்து தனி லைன் இழுங்கள்: 4 சதுர மி.மீ. செம்பு ஒயர், 20 ஆம்பியர் எம்.சி.பி. (கரண்ட் அளவு மீறினால் விழும் சுவிட்ச்), 30 மில்லி ஆம்பியர் கசிவில் ட்ரிப் ஆகும் 25 ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கசிவைக் கண்டு வெட்டும் சுவிட்ச்). சாக்கெட் வேண்டாம், ஐசொலேட்டரில் (லைனை முழுதாகத் துண்டிக்கும் சுவிட்சில்) முடியுங்கள். ஒயர் முனைகளை வெறுமனே முறுக்கிச் சொருகாமல், வெள்ளீயம் பூசிய லக் (ஒயர் முனையில் மாட்டும் உலோகக் குப்பி) வைத்து நெரியுங்கள்.

பலரும் ஏமாறுவது எஸ்.எஸ்.ஆரில், அதாவது சாலிட் ஸ்டேட் ரிலே என்ற மின்னணு சுவிட்சில். வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி சொன்னபடி ஹீட்டரை ஏற்றி இறக்குவது அதுதான். 13 ஆம்பியர் ஓடும்போது அதிலேயே சுமார் 15 வாட் சூடு பிறக்கும். சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க் இல்லாமல் மூடிய பெட்டிக்குள் வைத்தால் கருகும். கெட்டால் பெரும்பாலும் 'ஆன்' நிலையிலேயே ஒட்டிக்கொள்ளும். 80 என்று செட் செய்திருந்தாலும் தண்ணீர் கொதித்து வற்றும், ஹீட்டர் வெறுமையில் எரியும். நல்ல நிலையில் அணைந்திருக்கும்போதும் சில மில்லி ஆம்பியர் கசியும். அதை நம்பிக் கலனுக்குள் கை விடவே கூடாது.

லைனில் எஸ்.எஸ்.ஆருக்கு முன்னால், பேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து வெட்டும் 32 ஆம்பியர் கான்டாக்டர் (காந்தத்தால் இயங்கும் சுவிட்ச்) வையுங்கள். அதை இழுத்துப் பிடிக்கும் கம்பிச்சுருளான காயில் 24 வோல்ட்டில் இருக்கட்டும். தண்ணீர் குறைந்தால் திறக்கும் மிதவை சுவிட்ச், 95 டிகிரியில் வெட்டும் தனி தெர்மோஸ்டாட், சிவப்பு அவசரப் பொத்தான் மூன்றும் அந்தக் காயிலுக்கு வரிசையாக வரட்டும். ஒன்று திறந்தாலும் கான்டாக்டர் விழும். சென்சார் ஒயரைப் பவர் ஒயருடன் ஒரே பைப்பில் விடாதீர்கள், அளவு ஆடும்.

கலன் உடலில் போல்ட் போட்டு எர்த் கொடுங்கள். உவர் மண்ணில் ஜி.ஐ. பைப் எர்த் அரித்துப்போகும் என்பதால் ஆண்டுக்கொரு முறையாவது அளந்து பார்க்க வேண்டும். இந்தக் கருவிகள் உள்ள பெட்டியை இடுப்புக்கு மேல் மாட்டி, ஒயர்களைக் கீழ்ப்பக்க கிளாண்ட் (ஒயரை இறுக்கிப் பிடிக்கும் வாய்) வழியே ஏற்றுங்கள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது தெருவில் நின்ற தண்ணீரை நினைத்து உயரத்தை முடிவு செய்யுங்கள்.

மழைக்காலத்தில் சும்மா கிடந்த ஹீட்டர் ஈரம் இழுக்கும். தை மாதம் போட்டவுடன் ஆர்.சி.சி.பி. விழும். ஹீட்டரைக் கழற்றி 500 வோல்ட் மெகரில் (இன்சுலேஷன் அளக்கும் மீட்டரில்) பாருங்கள். 1 மெகா ஓம்முக்குக் கீழே இருந்தால் நன்றாகக் காயவைத்து மறுபடி அளக்க வேண்டும். அப்போதும் ஏறவில்லை என்றால் புது ஹீட்டர்தான். ஆர்.சி.சி.பி.யைக் கழற்றி நேராக லைன் கொடுக்கிறேன் என்று சொல்லும் ஒயர்மேனைப் போர்டைத் தொட விடாதீர்கள்.