முட்டுக்காரரைத் தூணாக்கலாமா?

போன வாரம் மெய்ப்புப் பார்க்க வந்த ஒரு மொழிபெயர்ப்பில் இப்படி ஒரு வரி: 'இங்கிலாந்தின் தளர்ந்த தலைத் தூணாக விளங்கிய ஜேசன் லெனர்ட், தன் தொழில் வாழ்க்கையில் 114 தொப்பிகளை வென்றார்.' பாவம், மனிதருக்குத் தலை ஆடுகிறது, கோயில் மண்டபத்தில் தூணாக நிற்கிறார், வீடு நிறையத் தொப்பி வேறு. தலையையும் தொப்பியையும் அப்புறம் பார்ப்போம். இந்தத் 'தூண்' இதோடு நாலைந்து முறை கண்ணில் பட்டுவிட்டது. இனியும் சும்மா இருக்க முடியவில்லை.

லெனர்ட் ஆடிய ரக்பி யூனியன் ஆட்டத்தில் 'ப்ராப்' என்றொரு இடம் உண்டு. அதைத்தான் தூணாக்கியிருக்கிறார்கள். அந்தச் சொல் நடுக்கால டச்சு மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. அங்கே அது கொடிக்கு ஊன்றும் கழி. நாடக மேடையில் புழங்கும் 'ப்ராப்' வேறு, அது 'ப்ராப்பர்ட்டி'யின் சுருக்கம். சொல் வரலாறு இவ்வளவுதான்.

ஆட்டத்தில் அவர் செய்யும் வேலையைப் பார்த்தால்தான் தமிழ்ச் சொல் கிடைக்கும். ஒரு பக்கத்துக்குப் பதினைந்து பேர். சிறு தவறு நடந்து ஆட்டம் நின்றால், இரு பக்கமும் எட்டெட்டுப் பேர் பிணைந்து குனிந்து, தோளோடு தோள் மோதித் தள்ளுவார்கள். அதுதான் ஸ்க்ரம். முன்வரிசையில் மூன்று பேர். நடுவில் இருப்பவர் ஹூக்கர், 2-ஆம் எண் சட்டைக்காரர், பந்தைக் காலால் பின்னுக்கு இழுப்பவர். ஒரு காலைத் தூக்கி இழுக்கும் நேரத்தில் அவர் விழுந்துவிடாமல் இரு பக்கமும் அணைத்துப் பிடிப்பவர்கள்தான் 1-உம் 3-உம், அதாவது ப்ராப்கள். பின்னால் இருக்கும் ஐந்து பேரின் தள்ளல் இவர்கள் இடுப்பில் இறங்குகிறது. எதிரணி எட்டுப் பேரின் தள்ளல் தோளிலும் கழுத்திலும் ஏறுகிறது.

இதில் தூண் எங்கே வந்தது? தூண் நெட்டுக்குத்தாக நிற்கும், மேலிருந்து வரும் பாரத்தைத் தரைக்கு இறக்கும். பக்கவாட்டில் தள்ளினால் அதன் கதை முடிந்தது. ப்ராப் நிற்பதோ முதுகு தரைக்கு இணையாக, கால்கள் பின்னோக்கிச் சாய்ந்து. குலை தள்ளிய வாழை சாயும் பக்கத்தில் இரண்டு சவுக்குக் கம்புகளைக் கத்தரி போலக் கட்டி நிறுத்துவார்களே, அந்த நிற்பு. அதைத் தூண் என்று எந்த விவசாயியாவது சொல்வாரா? முட்டு என்பார். கூரை கான்கிரீட் போட்டபின் 'முட்டைப் பிரிக்காதே, இன்னும் பத்து நாள் போகட்டும்' என்று மேஸ்திரி அதட்டுவதும் இதே முட்டைத்தான்.

தூண் கட்சிக்காரர்களிடம் நல்ல வாதம் ஒன்று இருக்கிறது, மறைக்க மாட்டேன். பிரெஞ்சுக்காரர்கள் இந்த ஆட்டக்காரரை 'பிலியே' என்கிறார்கள், தூண் என்றே பொருள். ஸ்பானிய மொழியிலும் 'பிலார்'தான். இருக்கட்டும். ஆனால் தென்னாப்பிரிக்காவின் ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் அவர் 'ஸ்டட்', அப்பட்டமான முட்டு. உலகத்துக்கே முன்வரிசைக்காரர்களை வளர்த்துக் கொடுத்த நாடுகளில் அதுவும் ஒன்று. போதாக்குறைக்கு, தரையில் கிடக்கும் பந்தைச் சுற்றிக் குவியல் உண்டாகும்போது அதன் ஓரத்தில் காவல் நிற்பவரை ஆங்கில வர்ணனையாளர்கள் 'பில்லர்' என்பார்கள். தூண் என்ற சொல்லை இங்கே செலவழித்துவிட்டால் அவருக்கு என்ன வைப்பது?

'தாங்கி' என்றும் சிலர் எழுதுகிறார்கள். சுமைதாங்கி, இடிதாங்கி வரிசையில் சொல் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தாங்கி வாங்கிக்கொள்ளும், திருப்பித் தராது. முட்டின் அழகே அதன் இரட்டைப் பொருள்தான். முட்டு என்றால் ஊன்றிக் கொடுப்பது, முட்டு என்றால் தலையால் மோதுவதும். கிடாமுட்டு பார்த்தவர்களுக்கு ஸ்க்ரம்மை விளக்கவே வேண்டாம். தன் ஆளுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டே எதிராளியை முட்டுகிற ஒருவருக்கு இதைவிடப் பொருத்தமான சொல்லை ஆங்கிலத்தாலும் தர முடியவில்லை.

மொழிபெயர்த்தவரைத் தொலைபேசியில் பிடித்தேன். 'சார், முட்டு ஆள் என்றால் முட்டாள் ஆகிவிடுமே' என்றார். தேருக்கு முட்டுக்கட்டை போட்ட ஆள்தான் முட்டாள் ஆனான் என்று ஒரு கதை உலவுகிறது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, ஆனாலும் நியாயமான பயம். முட்டுக்காரர் என்று எழுதினால் போயிற்று. அடுத்து, 'முட்டுக் கொடுப்பது என்றால் இப்போது கட்சிக்காரர்கள் தலைவருக்கு வக்காலத்து வாங்குவதல்லவா?' என்றார். சமூக ஊடகத்தில் நாலு பேர் கிண்டலுக்குப் பயன்படுத்துகிறார்கள் என்பதற்காகக் கொத்தனாரின் சொல்லை நாம் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்?

லெனர்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 2003 நவம்பர் 22, சிட்னி, உலகக் கோப்பை இறுதியாட்டம். ஸ்க்ரம்மில் இங்கிலாந்துக்கு எதிராக நடுவர் ஆந்திரே வாட்சன் அடுத்தடுத்துத் தண்டனை உதை கொடுக்கிறார். கடைசி நிமிடத்தில் அப்படி வந்த ஒன்றை உதைத்துத்தான் ஆஸ்திரேலியா 14-14 என்று சமன் செய்கிறது. கூடுதல் நேரத்தில் ஃபில் விக்கரிக்குப் பதிலாக 35 வயது லெனர்டை இறக்குகிறார்கள். வெற்றியைத் தள்ளிக் கொண்டுவர அல்ல. ஸ்க்ரம் சரியாமல், நடுவர் விசில் ஊதக் காரணம் கொடுக்காமல் பார்த்துக்கொள்ள. ஆட்டம் 20-17 என்று இங்கிலாந்துக்கு முடிந்தது. முட்டு கூரையைத் தூக்குவதில்லை, விழாமல் வைத்திருக்கிறது.

இப்போது அந்தத் 'தளர்ந்த தலை'. ஆங்கிலத்தில் 1-ஆம் எண்காரர் 'லூஸ்-ஹெட்', 3-ஆம் எண்காரர் 'டைட்-ஹெட்'. 1-ஆம் எண்காரரின் தலைக்கு வெளிப்பக்கம் ஆள் இல்லை, திறந்த வெளி. எதிராளியை அவர் முட்டுவது வலத்தோளால் மட்டும். 3-ஆம் எண்காரரின் தலை எதிரணி ஹூக்கருக்கும் முட்டுக்காரருக்கும் இடையே சிக்கியிருக்கும், இரு தோளிலும் பாரம். வெளித்தலை முட்டு, இடைத்தலை முட்டு என்றால் இடம் உடனே கண்ணுக்குத் தெரிகிறது. தளர்தலை, இறுகுதலை என்றெல்லாம் எழுதினால் வாசகர் தைலம் தேடுவார்.

தொப்பி, ஆங்கிலத்தில் 'கேப்', என்பது நாட்டுக்காக ஆடிய ஆட்டத்தின் கணக்கு. வெல்லும் பொருளல்ல. 114 சர்வதேச ஆட்டங்கள் என்று எழுத என்ன கஷ்டம்? 'தொழில் வாழ்க்கை'யோ உண்மைக்கே மாறு. லெனர்ட் 1990-இல் பியூனஸ் அயர்ஸில் முதல் ஆட்டம் ஆடியபோது ரக்பி யூனியனில் சம்பளம் கிடையாது. 1995-இல்தான் அது தொழில்முறை ஆட்டமானது. அதுவரை அவர் தொழில் தச்சுவேலை. 1992-இல் கழுத்து வட்டு சேதமாகி, இடுப்பெலும்பை எடுத்து ஒட்டவைத்தது கூலியில்லாக் காலத்தில். ஆட்ட வாழ்க்கை என்று எழுதினால் 2004-இல் ஓய்வு பெறும்வரை எல்லாம் அடங்கிவிடும். அகராதியில் முதலில் கண்ட பொருளை எடுத்து ஒட்டிவிட்டுப் போகிறவர்களுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது!

வரியை இப்படித் திருத்தி அனுப்பினேன்: 'இங்கிலாந்தின் வெளித்தலை முட்டுக்காரர் ஜேசன் லெனர்ட், நாட்டுக்காக 114 ஆட்டங்கள் ஆடினார்.' அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். ஹூக்கரை என்னவென்று மொழிபெயர்த்திருந்தார்கள் என்பதை இங்கே எழுத முடியாது.