டி.சி. வாங்காமல் போன பிள்ளைகள்

பென்னாகரம் தாலுகாவில் ஒரு கிராமம், மே மாதம். திண்ணையில் உட்கார்ந்து புளியங்கொட்டை தட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம் மகனைப் பற்றிக் கேட்டேன். "பெங்களூர்ல சென்ட்ரிங் வேலைக்குப் போறான் சார். பத்தாவதுல கணக்கு ஒண்ணுதான் போச்சு. அதோட பையைத் தூக்கி மூலையில போட்டுட்டான்." டி.சி. எங்கேம்மா என்றேன். "அது ஸ்கூல்லயே கெடக்குது. அதை வாங்கி இன்னா பண்றது?"

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் படிப்பை விட்ட பிள்ளைகளோடு வேலை செய்யும் சமூகப் பணியாளன் நான். இந்தப் பதிலைக் கேட்காத மாதம் கிடையாது. கேட்கும்போதெல்லாம் மனசு பதறும். அந்தக் காகிதத்தோடு சேர்ந்து என்னென்ன கைவிட்டுப் போகிறது என்று அந்த வீட்டுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

2014 தேசிய இளைஞர் கொள்கை 15 முதல் 29 வயது வரை உள்ளவர்களை இளைஞர்கள் என்கிறது. அதில் முன்னுரிமை தரவேண்டிய துறைகள் 11. விடுபட்டவர்களைச் சமூகத்தோடு சேர்த்துக்கொள்வது அவற்றில் ஒன்று, சமூக நீதி இன்னொன்று. கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயதுக்கு. 14 முடிந்ததும் படிப்பு என்பது உரிமையாக இல்லாமல் வீட்டின் வசதியைப் பொறுத்ததாகிவிடுகிறது. 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டமோ 14 முதல் 18 வரை உள்ளவர்களை ஆபத்தான வேலைகளில் மட்டும்தான் முழுதாகத் தடுக்கிறது. மற்ற வேலைகளுக்கு நேரக் கட்டுப்பாடு உண்டு. இரவு 7 மணிக்கு மேல், காலை 8 மணிக்கு முன் வேலை வாங்கக் கூடாது. ஆனால் பேக்கரியிலும் ஓட்டலிலும் நிற்கும் பதினைந்து வயதுப் பையனிடம் மணி கேட்க யார் இருக்கிறார்கள்?

தமிழ்நாட்டின் திட்டங்கள் நல்ல திட்டங்கள், மனதாரச் சொல்கிறேன். அரசுப் பள்ளியில் படித்து மேற்படிப்புக்குப் போகும் பெண்களுக்கு 2022இல் வந்த புதுமைப் பெண், பையன்களுக்கு 2024இல் வந்த தமிழ்ப் புதல்வன் இரண்டிலும் மாதம் ஆயிரம் ரூபாய். சித்தேரி மலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரு பெண் என்னிடம் சொன்னாள்: "சோப்புக்கும் ஜெராக்ஸுக்கும் வீட்ல கேட்டா, படிச்சது போதும்னு ஆரம்பிப்பாங்க சார். இப்ப கேக்கறதே இல்ல." அந்த ஆயிரம் அவள் படிப்பை வீட்டுப் பேச்சிலிருந்து காப்பாற்றியிருக்கிறது. தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத இடஒதுக்கீடும் அப்படித்தான், எத்தனையோ வீடுகளின் தலையெழுத்தை மாற்றுகிறது. ஆனால் இவை எல்லாமே பள்ளிக்கூட வாசல் வழியாக வருபவை. பத்தாவதில் ஒரு பாடம் போய், அவமானத்தில் அந்த வாசல் பக்கமே போகாத பிள்ளைக்கு இவற்றின் சேதிகூட வந்து சேர்வதில்லை.

பெண் பிள்ளை என்றால் கதை வேறு. அஞ்செட்டிப் பக்கம் ஒரு பெண்ணுக்குப் பதினாறு வயதில் மாமன் மகனோடு நிச்சயம். குழந்தைகள் உதவி எண் 1098க்குத் தகவல் போய், கல்யாணம் நின்றது. பெற்றோரிடம் எழுதி வாங்கினார்கள். எல்லோரும் நிம்மதியாகத் திரும்பினோம். பதினெட்டு முடிந்த மறுமாதமே அதே பையனோடு கல்யாணம். சட்டப்படி தப்பில்லை. ஆனால் நடுவில் இருந்த இரண்டு வருஷமும் அவள் ஆடு மேய்த்துக்கொண்டு வீட்டில் இருந்தாள். கல்யாணத்தை நிறுத்திய நாங்கள் அவளை ஒரு வகுப்பில் கொண்டுபோய் உட்கார வைக்கவில்லை. அது என் தப்பு. இன்றைக்கும் உறுத்துகிறது.

அதனால் இப்போதெல்லாம் திட்டங்களின் பெயரைச் சொல்லிவிட்டு வருவதில்லை, கூடவே போகிறேன். ஒரு பாடம் போன பிள்ளைக்கு, ரிசல்ட் வந்த சில வாரங்களிலேயே துணைத் தேர்வு வருகிறது. பெற்றோர் பலர் அடுத்த மார்ச் வரை காத்திருக்க வேண்டும் என்றே நினைக்கிறார்கள். எட்டாவது தேறியிருந்தாலே ஐ.டி.ஐ.யில் வெல்டர், வயர்மேன் பிரிவுகளில் சேரலாம். 14 வயது முடிந்திருந்தால் போதும். ஆண்களுக்கு 40 வரை, பெண்களுக்கு மேல் வரம்பு கிடையாது. அரசு ஐ.டி.ஐ.யில் மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. அரசுப் பள்ளியில் படித்தவர் என்றால் அந்த ஆயிரமும் சேரும். அப்பா இல்லாத, வருமானம் குறைந்த வீடு என்றால், மிஷன் வாத்சல்யா திட்டத்தில் 18 வயது வரை மாதம் 4,000 ரூபாய் கிடைக்க வழி இருக்கிறது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் மனு கொடுக்க வேண்டும்.

இதில் காலை வாருவது காகிதம்தான். மலையாளி (கேரளத்தவர் அல்ல, இங்குள்ள மலைப் பழங்குடியினர்), இருளர் பிள்ளைகளுக்குப் பழங்குடி சாதிச் சான்றிதழ் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) அளவில் வாங்க வேண்டும். அட்மிஷன் சமயத்தில் ஓடினால் நிச்சயம் பிந்தும், ஒன்பதாவது படிக்கும்போதே போட்டுவிடுங்கள். ஆதாரில் ஒரு இனிஷியல், டி.சி.யில் வேறொன்று என்றால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். வங்கிக் கணக்கோடு ஆதார் இணையவில்லை என்றால் உதவித்தொகை வந்து சேராது. இதைப் படிக்கும் ஆசிரியர்களிடமும் ஒன்று கேட்கிறேன். ரிசல்ட் அன்றைக்குப் பாஸானவர்கள் தானாகவே வந்து நிற்பார்கள். வராதவர்களுக்கு ஒரு போன் செய்யுங்கள்.

அந்தப் பென்னாகரத்துப் பையனுக்கு அம்மாவே போன் போட்டுப் பேசினார். முதலில் மாட்டேன் என்றான். தினக்கூலியை விட்டுவிட்டு மறுபடி சின்னப் பிள்ளை மாதிரி வகுப்பில் உட்காருவதா என்ற கூச்சம். வெல்டிங் என்றதும் கொஞ்சம் யோசித்தான். சைட்டில் வெல்டருக்குக் கிடைக்கும் கூலி அவனுக்கே தெரியும். ஒரு ஞாயிறு இரவு பஸ் ஏறி வந்து, திங்கள்கிழமை என்னோடு பள்ளிக்கு வந்தான்.

தலைமையாசிரியர் பீரோவைத் திறந்து காகிதக் கட்டு ஒன்றை எடுத்தார். அவனுடைய டி.சி.க்குக் கீழே இன்னும் பதினோரு டி.சி. இருந்தது, யாரும் வாங்க வராதவை. பையன் ஒவ்வொன்றாகப் புரட்டி, "இவன் ஓசூர்ல இருக்கான். இந்தப் பொண்ணுக்குக் கல்யாணம் ஆயிடுச்சு. இவன் எங்க தெருதான் சார்" என்று சொல்லிக்கொண்டே வந்தான். பெயர்களையும் ஊர்களையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டோம். இந்த வாரம் நாலாவது வீட்டுக்குப் போகிறோம்.