ஒரு சாண் மேடு, ஒரு சாண் பள்ளம்

இங்கிலாந்தின் வில்ட்ஷயர் பகுதியில், தேம்ஸ் ஆறு இன்னும் சின்ன ஆறாகவே ஓடும் இடத்தில் கிரிக்லேட் என்ற சிற்றூர் இருக்கிறது. ஊரை ஒட்டி, தேம்ஸுக்கும் சர்ன் என்ற சிற்றாற்றுக்கும் நடுவே கிடக்கிறது நார்த் மெடோ என்ற புல்வெளி. பரப்பு 44 ஹெக்டேர். ஏப்ரலில் அங்கே 'பாம்புத்தலை' என்று பெயர்பெற்ற பூ பூக்கும். தலைகவிழ்ந்து தொங்கும் மணி போன்ற ஊதாப் பூ. இதழ் முழுக்கச் சதுரங்கப் பலகைபோல வெளிர்கட்டமும் கருங்கட்டமும். பிரிட்டனில் காட்டுச்செடியாக வளரும் பாம்புத்தலைகளில் ஏறத்தாழ 80 சதவீதம் இந்த ஒரு வெளியில்தான் இருக்கின்றன.

வெளி முழுக்க ஒரே பச்சை என்று தோன்றும். குனிந்து பார்த்தால் அப்படி இல்லை. சற்றே மேடான திட்டில், ஒரு சதுர மீட்டருக்குள் 30க்கும் மேற்பட்ட வகைச் செடிகளை எண்ணிவிடலாம். அங்கிருந்து ஒரு சாண் தாழ்ந்த இடத்தில் கோரை மண்டிக் கிடக்கும், வேறு வகைகள் வெகு சில. நடப்பவர் காலுக்கு அந்த இறக்கம் தெரியாது. வேருக்குத் தெரியும்.

வேரும் மூச்சுவிட வேண்டும். மண் துகள்களின் இடுக்குகளில் இருக்கும் காற்றிலிருந்து அது ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது. அந்த இடுக்குகளில் நீர் நிறைந்தால் வழி அடைபடும். காற்றில் பரவுவதைவிட நீரில் ஆக்சிஜன் ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகத்தான் பரவுகிறது. மிச்சமிருக்கும் கொஞ்சத்தை, மண் வெதுவெதுப்பாக இருந்தால், நுண்ணுயிர்கள் ஓரிரு நாளில் தீர்த்துவிடும். அதன்பின் வேர் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து 2 ஏடிபி (உயிரணுக்களின் ஆற்றல் நாணயம்) மட்டுமே எடுக்க முடியும். ஆக்சிஜன் இருந்தால் 30 அளவுக்குக் கிடைத்திருக்கும். உணவு இருந்தும் வேர் பட்டினி கிடக்கிறது.

நுண்ணுயிர்களும் சும்மா இருப்பதில்லை. ஆக்சிஜன் தீர்ந்ததும் அவை நைட்ரேட்டைக் கொண்டு மூச்சுவிடத் தொடங்கும். செடிக்கு உரமாக வேண்டிய நைட்ரஜன் வாயுவாகிப் பறந்துவிடும். அடுத்து மாங்கனீசு, பிறகு இரும்பு. துருவாக மண்ணில் ஒட்டிக் கிடந்த இரும்பு இப்போது நீரில் கரைந்து, வேருக்கு நஞ்சாகிறது. கடைசியில் சல்பேட்டும் மாற்றம் அடைந்து, சேற்றைக் கிளறினால் அழுகிய முட்டை நாற்றம் எழும்.

கோரை இதையெல்லாம் தாங்குவது நெற்பயிர் தாங்கும் அதே வழியில்தான். இலையிலிருந்து வேர்வரை அதற்குள் காற்றறைகள் தொடர்ச்சியாக ஓடுகின்றன. அந்த வழியே இறங்கும் ஆக்சிஜனில் கொஞ்சம் வேரைத் தாண்டி வெளியேயும் கசியும். சேற்று வயலில் நெற்பயிரைப் பிடுங்கினால் வேரின்மேல் செம்பழுப்பாக ஒரு பூச்சு தெரியுமே, அது அந்தக் கசிவின் அடையாளம்: கரைந்து வந்த இரும்பைச் செடி மீண்டும் துருவாக்கி வாசலிலேயே நிறுத்தியிருக்கிறது. கண்ணால் பார்க்கக்கூடிய இப்படியொரு வேதியியலை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காது.

அப்படியானால், வெள்ளம் வந்தாலே மற்றச் செடிகள் மடிய வேண்டாமா? நார்த் மெடோவில் குளிர்காலத்தில் அடிக்கடி வெள்ளம் ஏறுகிறது. ஒன்றும் ஆவதில்லை. குளிரில் வேருக்கும் நுண்ணுயிருக்கும் ஆக்சிஜன் தேவை குறைவு. அதே அளவு நீர் மே, ஜூனில் சில வாரங்கள் நின்றால் கதை வேறு. எவ்வளவு நீர் என்பதைவிட எந்த மாதத்தில், எத்தனை வாரம் என்பதே செடியின் தலையெழுத்தை எழுதுகிறது. பாம்புத்தலையும் அப்படித்தான். குளிர்கால ஈரம் அதற்கு ஒத்துப்போகும். கிழங்கு துளிர்த்து வளரும் வசந்தத்தில் மண்ணிலிருந்து நீர் வடிந்தாக வேண்டும்.

இதை எண்ணாக்கிக் காட்டியவர்கள் ஜொனாதன் சில்வர்டவுன், டேவிட் கவிங் உள்ளிட்ட சூழலியல் ஆய்வாளர் குழுவினர். 1999இல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் அவர்கள் ஆய்வு வந்தது. கிரிக்லேட், சாமர்செட்டின் டாடம் மூர் ஆகிய இரண்டு புல்வெளிகளை எடுத்துக்கொண்டார்கள். வேர்கள் மூச்சுத் திணறத் தொடங்கும் நீர்மட்டம் ஒரு வரம்பு. தாகம் தொடங்கும் நீர்மட்டம் இன்னொரு வரம்பு. வளரும் பருவத்தில் வாரந்தோறும் வரம்பு எவ்வளவு மீறப்பட்டது என்று கூட்டிக்கொண்டே போக வேண்டும். வரம்புக்கு மேலே 10 சென்டிமீட்டர், 5 வாரம் நின்றால், அரை மீட்டர்-வாரம். ஒவ்வொரு செடிக்கும் இப்படித் திணறல் கணக்கு ஒன்று, தாகக் கணக்கு ஒன்று.

இரண்டையும் வரைபடத்தில் வைத்தபோது, செடிகள் தங்களுக்குள் இடம் பிரித்துக்கொண்டிருப்பது தெரிந்தது. தற்செயலாகப் பரவியிருந்தால் இருக்க வேண்டியதைவிட அவற்றின் இடங்கள் குறைவாகவே ஒன்றன்மேல் ஒன்று படிந்திருந்தன. திணறலைத் தாங்குவது தாகத்தைத் தாங்கவில்லை. தாகத்தைத் தாங்குவது திணறலைத் தாங்கவில்லை. இரண்டிலும் கெட்டிக்காரச் செடி ஒன்று இருந்திருந்தால் வெளி முழுவதையும் அதுவே பிடித்திருக்கும். அப்படி ஒன்று இல்லாததால்தான் ஒரு சதுர மீட்டருக்குள் அத்தனை பேருக்கு இடமிருக்கிறது.

நீர் இன்னொரு வழியாகவும் வேலை செய்கிறது. வெள்ளம் வண்டலோடு பாஸ்பரஸையும் கொண்டுவந்து கொட்டும். ஜூலையில் புல்லை அறுத்து, உலர்த்தி, வண்டியேற்றும்போது அந்தப் பாஸ்பரஸும் சேர்ந்து வெளியேறும். ஆகஸ்ட் 12 முதல் பிப்ரவரி 12 வரை ஊர்ப் பொது மேய்ச்சல். நூற்றாண்டுகளாக இதுதான் நார்த் மெடோவின் வழக்கம். 2012 போலக் கோடையே மழையாகப் போகும் ஆண்டுகளில் நனைந்த நிலத்தில் எந்திரம் இறங்க முடியாது. புல் அறுபடாது, உரம் மண்ணிலேயே தங்கும். அடுத்த ஆண்டு உயரமாய் எழும் கோரை, குட்டைச் செடிகளுக்கு வெயிலை மறைத்துவிடும்.

இத்தகைய வெளிகளைப் பராமரிப்பவர்கள் இப்போது தூர்ந்த ஓடைக்கால்களைத் திறந்துவிட்டு, வசந்த நீர் சீக்கிரம் வடிய வழிசெய்கிறார்கள். கோரை ஏறிவிட்ட திட்டுகளில், இலையில் சேர்ந்த உணவு அடித்தண்டுக்குள் இறங்குவதற்கு முன், ஜூனிலேயே ஒருமுறை அறுக்கிறார்கள். கோடை முடிவதற்குள் அதே இடத்தில் இன்னொரு அறுப்பும் நடக்கிறது.