மிச்சமான ஆறு மாத்திரைகள்

பித்தப்பைக் கல்லுக்குச் சிறு துளை வழியே செய்யும் லேப்ராஸ்கோப்பி அறுவை செய்துகொண்ட ஏலத்தோட்டத் தொழிலாளி ஒருவர், பத்தாம் நாள் தையலைக் காட்ட வந்தபோது, நான் எழுதிக் கொடுத்த இருபது டிராமடால் வலி மாத்திரைகளில் நான்கை மட்டுமே விழுங்கியதாகவும், தலைசுற்றலும் மலச்சிக்கலும் வந்ததால் நிறுத்திவிட்டதாகவும் சொன்னார். "மிச்சத்த வீட்டுக்காரருக்குக் குடுத்துட்டேன் சார். லோடு ஏத்திட்டு வந்தா அவருக்கு இடுப்பு வலி. நல்லாக் கேக்குது" என்றார். தேனி மாவட்டக் கம்பத்திலிருந்து விடியுமுன் ஜீப்பேறிக் கேரளப் பக்கத்துக் குமுளிக்கும் கம்பமெட்டுக்கும் போய்த் திரும்பும் குடும்பங்களில் உடல்வலி இல்லாத வீடு அரிது. ஆனால் டிராமடால் ஓபியாய்டு வகை, அதாவது மார்ஃபின் இனத்து வலிமருந்து. பழகிவிட்டால் விடுவது கடினம்.

இருபது என்று எழுதியது நான்தான். அவர் வலியை அளந்து எழுதவில்லை. பயிற்சிக் காலத்திலிருந்து கை பழகிய எண் அது.

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில், இதே அறுவைக்குப் பின் நோயாளிகள் வீட்டில் எத்தனை மாத்திரை விழுங்கினார்கள் என்று கேட்டறிந்து வழிகாட்டி வகுத்தார்கள். சீட்டில் எழுதப்பட்ட ஓபியாய்டின் நடுமதிப்பு, வாய்வழி மார்ஃபினுக்கு ஈடாக்கிக் கணக்கிட்டால், 250 மில்லிகிராமிலிருந்து 75 ஆகக் குறைந்தது. அதற்காகக் கூடுதல் மாத்திரை கேட்டு வந்தவர்கள் பெருகவில்லை. (புற்றுநோயாளிக்கு மார்ஃபின் எளிதில் கிடைக்காத நம் ஊர்க் குறை வேறு, அதை இதோடு குழப்பக் கூடாது.)

இப்போது எங்கள் வார்டில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறோம். அறுவை முடிகையிலேயே காயத்தில் மரப்பு ஊசி. பிறகு வலி வரட்டும் என்று காத்திராமல் மணிக்கணக்குப்படி பாராசிட்டமால். சிறுநீரகக் கோளாறோ வயிற்றுப் புண்ணோ இல்லாதவர்களுக்கு அதோடு ஐபுபுரூஃபன். வீட்டுக்கு அனுப்புமுன், கடைசி 24 மணி நேரத்தில் ஓபியாய்டு தேவைப்பட்டதா என்று செவிலியர் பார்ப்பார். தேவைப்படவில்லையென்றால் சீட்டில் ஒன்றுகூட எழுதுவதில்லை. வலிப்பு நோயுள்ளவர்களுக்கு டிராமடால் கூடாது. சில மனச்சோர்வு மருந்துகளோடும் சேராது. பாராசிட்டமால் கலந்த டிராமடால் மாத்திரையோடு தனிப் பாராசிட்டமாலையும் விழுங்கினால், நாளுக்கு 4 கிராம் என்ற உச்ச வரம்பைத் தெரியாமலே தாண்டிவிடலாம்.

2018 முதல் டிராமடால் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருகிறது. இருந்தாலும் ஒரே சீட்டை மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் காட்ட முடிகிறது. அதனால் எண்ணிக்கையை எழுத்தாலும் எழுதி, "மறுமுறை தர வேண்டாம்" என்றும் சேர்க்கிறேன்.

மீதியைக் கொண்டுவரச் சொன்னேன். ஆறு மாத்திரைகளோடு கணவரே வந்தார். அவருக்கு இடது கால் மரத்துப்போகத் தொடங்கி மூன்று மாதமாகியிருந்தது.